எட்டு மணி நேரத் தாலாட்டு

கச்சேரிக்குப் போய் நன்றாகத் தூங்கிவிட்டு வந்தேன் என்று யாராவது சொன்னால் நாம் சிரிப்போம். முன் வரிசையில் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும் பெரியவரைப் பார்த்து, "ரசிக்கிறாரா, தூங்கி வழிகிறாரா?" என்று பக்கத்தில் இருப்பவளை இடித்துக் கேட்போம். ஆனால் ரசிகர்கள் தூங்க வேண்டும் என்பதற்காகவே ஒரு கச்சேரி நடந்தால்? நாற்காலிக்குப் பதிலாக ஆளுக்கொரு கட்டில் கொடுத்தால்?

நடந்திருக்கிறது, சகோதரிகளே! 2018-ஆம் வருஷம் ஜூலை மாதம், அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நடுவில் உள்ள கிராண்ட் பார்க் என்ற பூங்காவில், திறந்த வெளியில் 560 படுக்கைகள் வரிசையாகப் போடப்பட்டன. மேடையில் ஒரு பியானோ, ஐந்து கம்பி வாத்தியங்கள், ஒரு பாடகி. இரவில் ஆரம்பித்த இசை பொழுது விடிகிற வரை நிற்கவில்லை. தூங்க முடிந்தவர்கள் தூங்கினார்கள். தூக்கம் வராதவர்கள் எழுந்து உலாவினார்கள். யாரும் யாரையும் முறைக்கவில்லை.

அந்த இசைக்குப் பெயரே 'ஸ்லீப்' – அதாவது தூக்கம். இயற்றியவர் மாக்ஸ் ரிக்டர். 31 பகுதிகள்; மொத்தம் எட்டு மணி நேரத்துக்கும் மேல். ஒருவர் இரவு படுத்துக் காலையில் எழுந்திருக்கும் வரை நீளும்படி கணக்குப் பண்ணிச் செய்தது. 2015 செப்டம்பரில் டாய்ச்ச கிராமஃபோன் என்ற புகழ் பெற்ற ஜெர்மன் இசைத்தட்டுக் கம்பெனி வெளியிட்டது. இதைத் தாலாட்டு என்றுதான் ரிக்டரே சொல்கிறார். ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் உலகத்துக்கு ஒரு தாலாட்டாம்!

ரிக்டர் 1966-இல் ஜெர்மனியில் ஹாமெலின் என்ற ஊரில் பிறந்தவர். ஹாமெலின் என்றதும் உங்கள் குழந்தைகளே சொல்லிவிடுவார்கள். குழல் ஊதி எலிகளை விரட்டியவன், பேசிய கூலியை ஊரார் கொடுக்கவில்லை என்று அதே குழலை ஊதிக் குழந்தைகளையெல்லாம் அழைத்துக்கொண்டு போய்விட்டானே, அந்தக் கதையில் வரும் ஊர்தான். அங்கே பிறந்தவர் ஊரைத் தூங்க வைக்கக் கிளம்பியிருக்கிறார், பாருங்கள்! வளர்ந்ததெல்லாம் இங்கிலாந்தில். எடின்பரோ பல்கலைக் கழகத்திலும் லண்டன் ராயல் அகாடமியிலும் முறையாகச் சங்கீதம் படித்தவர்.

ஆனால் இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ரிக்டர் இல்லை. அவருடைய வாழ்க்கைத் துணைவி யூலியா மார்.

வீட்டில் இருந்தவள் கேட்ட இசை

யூலியா மார் ஹங்கேரியில் பிறந்தவர். படம் எடுப்பவர், ஓவிய மனம் கொண்டவர். இந்தத் தம்பதிக்கு மூன்று குழந்தைகள். ரிக்டர் தேசம் தேசமாகக் கச்சேரிக்குப் போவார். யூலியா குழந்தைகளுடன் வீட்டில் இருப்பார். கணவர் வாசிக்கும் இடத்தில் சாயங்காலம் என்றால் இவர் வீட்டில் நள்ளிரவு தாண்டியிருக்கும். கச்சேரி இண்டர்நெட்டில் நேரடியாக வரும். குழந்தைகளைப் படுக்க வைத்துவிட்டு, தானும் படுத்துக்கொண்டு, அதைப் போட்டு விடுவார். பகல் முழுதும் ஓடியாடிய உடம்பு கேட்குமா? கொஞ்சம் கேட்பார், கண் செருகும், மறுபடி முழிப்பு வரும், இசை எங்கேயோ போய்க்கொண்டிருக்கும், மறுபடி கண் செருகும்...

நம்மில் எத்தனை பேருக்கு இது புதிது? நாம் கோழித்தூக்கம் என்கிறோமே, அதுதான். யூலியாவுக்கு அந்த அரைத் தூக்கத்தில் இசை வேறு விதமாகக் காதில் விழுந்ததாம். முழித்துக்கொண்டு கேட்பதைவிட ஆழமாக இறங்கிற்றாம். இப்படிக் கேட்பதற்கென்றே ஒன்று செய்தால் என்ன என்ற எண்ணம் இருவருக்கும் அங்கேயிருந்துதான் வலுத்தது. பிறகு இந்த இசையை மேடையேற்றும் வேலைகளிலும் யூலியாவுக்குப் பெரிய பங்கு.

எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. பெரிய சங்கீதம் என்றால் பெரிய மண்டபத்தில், முழு கவனத்துடன், இருமல்கூட இல்லாமல் கேட்க வேண்டியது என்று ஒரு வழக்கம். கைக்குழந்தைக்காரிக்கு அங்கே இடம் ஏது? வீட்டில் பாதி காதை இசைக்கும் மீதிக் காதைத் தொட்டிலுக்கும் கொடுத்துக் கேட்கிறவளை யாரும் ரசிகை என்று கணக்கில் சேர்ப்பதில்லை. இங்கே அவள் கேட்கிற விதத்தையே அளவாக வைத்து எட்டு மணி நேரத்துக்கு ஒரு படைப்பு எழுந்திருக்கிறது.

தூக்கத்திலும் காது மூடிக்கொள்வதில்லை என்பது தாய்மார்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வெளியே லாரி போனால் எழுந்திருக்காதவள், குழந்தை 'ங்' என்றால் எழுந்து உட்காருகிறாள். டாக்டர்களும் இதைப் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1960-இல் பிரிட்டனில் இயன் ஆஸ்வால்ட் என்ற டாக்டரும் சகாக்களும், தூங்குகிறவர்களுக்குப் பக்கத்தில் பல பெயர்களை டேப்பில் போட்டார்கள். மற்ற பெயர்களைவிடத் தன் சொந்தப் பெயர் வரும்போது தூங்குகிறவரின் மூளை அலைகள் அதிகமாக அசைந்தன. ஆள் தூங்கினாலும் வாசலில் ஒரு காவல்காரன் உட்கார்ந்திருக்கிறான்!

ராத்திரியின் மேடு பள்ளங்கள்

இசை அமைக்கும்போது ரிக்டர், டேவிட் ஈகிள்மன் என்ற அமெரிக்க மூளை விஞ்ஞானியிடம் கலந்து பேசினார். தூங்கும்போது மூளை என்ன செய்கிறது, சத்தம் அதை எப்படித் தொடுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. நமக்கும் தெரிந்திருந்தால் நல்லதுதான்.

தூக்கம் என்பது ஒரே சமதரை இல்லை. சுமார் 90 நிமிஷத்துக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் முதலில் லேசான தூக்கம், பிறகு ஆழ்ந்த தூக்கம், அப்புறம் கனவுத் தூக்கம். ஒரு ராத்திரியில் இப்படி நாலைந்து சுற்று வரும். ஆழ்ந்த தூக்கத்தின் பெரும் பங்கு முன்னிரவிலேயே முடிந்துவிடுகிறது. அப்போது மூளையில் மிக மெதுவான, பெரிய அலைகள் ஓடும். டெல்டா அலைகள் என்பார்கள். பகலில் கற்றதை மூளை பத்திரப்படுத்துவதில் இந்த நேரத்துக்கு முக்கியமான பங்கு உண்டு. விடியற்காலை நெருங்க நெருங்கக் கனவுத் தூக்கம் நீளும். அதனால்தான் அலாரம் அடிக்கும்போது பாதிக் கனவில் எழுந்திருக்கிறோம்.

கனவுத் தூக்கம் என்று தனியாக ஒன்று இருப்பது 1953-இல்தான் விஞ்ஞான உலகத்துக்கு வெளிச்சமாயிற்று. சிகாகோவில் யூஜின் அசரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர் தன் எட்டு வயது மகனையே படுக்க வைத்து, கண்ணருகிலும் தலையிலும் கம்பி ஒட்டி ராத்திரி முழுதும் கவனித்தார். மூடிய இமைக்குள் கண்மணி இப்படியும் அப்படியுமாக ஓடியது! அவரும் அவருடைய ஆசிரியர் கிளைட்மனும் சேர்ந்து அதை வெளியிட்டார்கள். பச்சைக் குழந்தை தூக்கத்தில் சிரிப்பதையும் இமை படபடப்பதையும் பார்த்து, "சாமி பூ காட்டறார்" என்று பாட்டிகள் சொல்வார்களே, ஞாபகம் இருக்கிறதா? பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி இந்த வகைத் தூக்கம்தான். தவிர, அதன் ஒரு சுற்று நம்முடையதைவிடச் சின்னது. ஒரு மணி நேரம்கூட இல்லை. அம்மா ஆழ்ந்து தூங்க ஆரம்பிக்கிற நேரத்தில் அது விழித்துக்கொள்வது அதன் குறும்பு அல்ல. உடம்பின் கடிகாரம் அப்படி.

இப்போது இசைக்கு வருவோம். ஆழ்ந்த தூக்கத்துக்குத் துணையாக இருக்க வேண்டும் என்பதால் ரிக்டர் மந்திர ஸ்தாயியைத்தான், அதாவது கீழ்ச் சுருதி ஒலிகளைத்தான், நிறைய எடுத்துக்கொண்டார். கர்ப்பத்தில் இருக்கும் சிசுவின் காதில் விழுவதும் இப்படிப்பட்ட ஒலிகள்தான் என்கிறார். அது உண்மைதான். ஆறாம் மாதவாக்கில் சிசுவுக்குக் காது கேட்க ஆரம்பிக்கிறது. ஆனால் தாயின் உடம்பையும் பனிக்குட நீரையும் தாண்டி உள்ளே போவது பெரும்பாலும் கீழ்ச் சுருதி ஒலிகளே. கீச்சுச் சத்தம் வழியிலேயே மங்கிவிடும். தாயின் ரத்த ஓட்டம், இதயத் துடிப்பு, அவள் பேசும் குரலின் அடி நாதம் – இவைதான் நாம் எல்லோரும் முதலில் கேட்ட கச்சேரி.

'ட்ரீம் 1' என்று ஆரம்பம். ட்ரீம் என்றால் கனவு. பியானோவில் ஒரு கட்டை, கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஒன்று... அடியில் கனமான ஒரு நாதம் மூச்சு விடுவது போல வந்து வந்து போகும். அவசரமே கிடையாது. பிறகு வயலின், வியோலா, செல்லோ ஒவ்வொன்றாகச் சேரும். வயலின் இரண்டு, வியோலா ஒன்று, செல்லோ இரண்டு, அவ்வளவுதான். நூறு பேர் உட்காரும் ஆர்க்கெஸ்ட்ரா இல்லை. ஆனால் எலெக்ட்ரானிக் வாத்தியங்களும் சேர்வதால் கூடம் நிறைந்த மாதிரி இருக்கும். இடையில் ஒரு பெண் குரல் வரும். வார்த்தை கிடையாது. வெறும் 'ஆ'காரம். கிரேஸ் டேவிட்சன் என்ற பாடகி பாடியிருக்கிறார். இதன் ஒரு மணி நேரச் சுருக்கத்தில் ஒரு பகுதிக்குப் பெயரே 'டெல்டா'; மேலே சொன்ன அந்த அலைதான்.

தூக்கம் வராத பிரபுவும் பதினாலு வயதுப் பையனும்

தூங்குவதற்கென்று இசை கேட்பது மேல்நாட்டில் இன்று நேற்று வந்ததல்ல. பாஹ் என்ற ஜெர்மன் மேதை 1741-இல் வெளியிட்ட 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' பற்றி ஒரு கதை உண்டு. கைஸர்லிங் என்ற பிரபுவுக்கு ராத்திரியில் தூக்கமே வராதாம். வீட்டோடு வைத்திருந்த கோல்ட்பெர்க் என்ற பையனைப் பக்கத்து அறையில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்வாராம். அதற்காகத்தான் பாஹ் இதை எழுதிக் கொடுத்தார் என்று 1802-இல் வந்த ஒரு வாழ்க்கை வரலாறு சொல்கிறது. கதை எவ்வளவு தூரம் நிஜம் என்று சங்கீத ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் தலையைச் சொறிகிறார்கள்.

எனக்கு அதில் வேறொரு கவலை! அந்தக் கோல்ட்பெர்க் 1727-இல் பிறந்த பிள்ளை. அப்போது வயது பதினாலு. பிரபு "அந்த வேரியேஷன்ஸில் ஒன்று வாசி" என்று சொன்ன போதெல்லாம் அந்தப் பையன் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து வாசித்திருக்க வேண்டும். வளர்கிற பிள்ளையின் தூக்கம் போயிற்றே என்று எந்தப் புத்தகமும் வருத்தப்படவில்லை.

ஒருவர் தூங்க இன்னொருவர் முழித்திருக்க வேண்டியிருக்கிறது. தொட்டிலுக்கும் அப்படித்தான், இந்தக் கச்சேரிக்கும் அப்படித்தான். 'ஸ்லீப்' வாசிக்கிறவர்கள் ராத்திரி முழுதும் வேலை செய்கிறார்கள். ரசிகர்கள் போர்வைக்குள், இவர்கள் வில்லும் கையுமாக. பியானோ மட்டும் ஒலிக்கும் பகுதியும் உண்டு, கம்பி வாத்தியங்கள் மட்டும் பேசும் பகுதியும் உண்டு. ஆனாலும் பொறுப்பு முழுக்க விடியும் வரை அவர்கள் தோளில்தான்.

"யாரோ முழிச்சிண்டிருக்கா மாதிரி இருக்கு"

இந்த இசை என் வீட்டுக்குள் வந்தது என் பெண்ணால். பிரசவத்துக்கு வந்திருந்தாள். பச்சை உடம்பு, குழந்தை இரண்டு மணிக்கொரு தரம் பாலுக்கு எழுந்திருக்கும். ஒரு நாள் நடு ராத்திரி அவள் அறையிலிருந்து மெல்லியதாகச் சத்தம் வந்தது. எழுந்து போனேன். மடியில் குழந்தை, அலமாரி மேல் செல்போன்.

"என்னடி இது, ராத்திரி ரெண்டு மணிக்குப் பியானோ?"

"மெதுவாத்தானேம்மா வெச்சிருக்கேன். தொந்தரவா இருக்கா?"

"தொந்தரவெல்லாம் இல்லை. ஆனா சுத்திச் சுத்தி அதே இடத்துக்கே வரதே!"

"நீ தூளி ஆட்டறச்சே மட்டும் புதுசு புதுசாவா ஆட்டறே?"

வாயை மூடிக்கொண்டேன். சரியான கேள்வி! திரும்பத் திரும்ப ஒன்றே வருவதில்தானே தூக்கம் இருக்கிறது? தட்டிக் கொடுக்கிற கை ஒவ்வொரு தட்டுக்கும் தாளம் மாற்றினால் எந்தக் குழந்தை தூங்கும்?

அவள் சொன்ன இன்னொன்றுதான் என்னை உட்கார வைத்தது. "மத்த பாட்டெல்லாம் முடிஞ்சு போயிடும்மா. அப்புறம் ஒரே நிசப்தம். ஊரே தூங்கறது, நான் மட்டும் உட்கார்ந்திண்டிருக்கேன்னு அழுகையா வரும். இது நான் எத்தனை தடவை எழுந்தாலும் போயிண்டே இருக்கு. யாரோ முழிச்சிண்டிருக்கா மாதிரி இருக்கு."

அடுத்து வந்த ராத்திரிகளில் நானும் கேட்டேன். முழுசாகக் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். எட்டு மணி நேரத்தில் நாலு இடம், ஐந்து இடம் ஞாபகம் இருக்கிறது. ஒரு தரம் முழிப்பு வந்தபோது அந்தப் பெண் குரல். இன்னொரு தரம் பியானோவும் செல்லோவும் மட்டும். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் தெரியாது. ஒரு இடம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்: எலெக்ட்ரானிக் ஒலி மட்டும் வெகு நேரம் ரீங்காரம் போடும் பகுதிகள். யாரோ பக்கத்து வீட்டில் மோட்டாரை நிறுத்த மறந்த மாதிரி!

ஒரு சனிக்கிழமை ராத்திரி குழந்தையை நான் என் அறைக்கு எடுத்துக்கொண்டேன். பசிக்கு அழுதால் மட்டும் கொண்டுபோய் அவளிடம் விட்டு, குடித்ததும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவது என்று ஏற்பாடு. முதல் பாலுக்கும் இரண்டாம் பாலுக்கும் நடுவில், அதிசயமாக, நாலு மணி நேரம். அவள் அசையாமல் தூங்கினாள். காலையில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இசையால் தூங்கினாளா, குழந்தையை நான் வைத்துக்கொண்டதால் தூங்கினாளா என்று கேட்டால், இரண்டாவது காரணம்தான் என்பேன். இசைத்தட்டு துணி மாற்றாது; ஏப்பம் வர முதுகைத் தட்டாது. மாப்பிள்ளையிடமும் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

நாடு நாடாகத் தூக்கம்

முதன்முதலில் இந்த இசை முழுசாக மேடையேறியது லண்டனில், 2015 செப்டம்பர் 27-ஆம் தேதி. நடு ராத்திரி 12 மணிக்கு ஆரம்பித்துக் காலை எட்டு மணி வரை. இடம் வெல்கம் கலெக்‌ஷன் என்ற மருத்துவக் காட்சிசாலையின் வாசக சாலை. புத்தக அலமாரிகளுக்கு நடுவே சிறு கூட்டம் படுத்திருக்க, பி.பி.சி.யின் மூன்றாவது ரேடியோ நேரடியாக ஒலிபரப்பியது. ஒரே இசைப் படைப்பை இவ்வளவு நேரம் நேரடியாக ஒலிபரப்பியதற்காகக் கின்னஸ் சாதனையாகவும் பதிவாயிற்று. பிறகு பெர்லினில் பழைய மின்சார நிலையத்தில், ஆஸ்திரேலியாவின் ஸிட்னி ஆப்பரா ஹவுஸில், 2018-இல் சீனப் பெருஞ்சுவரில்கூட நடந்தது.

2020-இல் கொரோனாவால் உலகமே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஈஸ்டர் சமயத்தில், பல தேசத்து ரேடியோ நிலையங்கள் சேர்ந்து அந்த லண்டன் கச்சேரியை ராத்திரி முழுதும் மறுபடி போட்டன. கட்டிலை வரிசையாகப் போட முடியாது. ஆனால் அவரவர் வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்கலாமே! முதலில் யூலியா கேட்ட விதமும் அதுதானே?

லாஸ் ஏஞ்சல்ஸ் கச்சேரியை மையமாக வைத்து நாடலி ஜான்ஸ் என்ற பெண்மணி ஒரு டாக்குமெண்டரிப் படம் எடுத்திருக்கிறார். யூலியாவின் பங்கும் அதில் வருகிறது.

கேட்டால் தூக்கம் வருமா?

டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தேன். காக்ரேன் என்ற நிறுவனம் உலகெங்கும் நடந்த மருத்துவப் பரிசோதனைகளைச் சலித்து எடுத்து முடிவு சொல்வது வழக்கம். 2022-இல் வெளியான அவர்கள் அறிக்கை, தூக்கமின்மையால் அவதிப்படும் சுமார் ஆயிரம் பேரைப் பற்றிய 13 ஆராய்ச்சிகளைப் பரிசீலித்தது. இசை கேட்டவர்கள் தங்கள் தூக்கம் முன்னைவிட நன்றாக இருப்பதாக உணர்ந்தார்கள் என்பது தெரிகிறது. ஆனால் தூக்கமின்மை நோயின் கடுமையே குறைந்துவிடும் என்று அடித்துச் சொல்ல அந்த அறிக்கை முன்வரவில்லை. கெடுதல் இல்லை, காசும் அதிகம் ஆகாது. மருந்து என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

2013-இல் ஜெர்மனியில் இன்னொரு பரிசோதனை. ஆழ்ந்து தூங்குகிறவரின் மூளை அலை எழும் அதே நொடியில் மெல்லிய 'உஷ்' ஒலியைக் கேட்கச் செய்தார்கள். அலைகள் இன்னும் வலுத்தன. ராத்திரி படித்த சொற்கள் காலையில் நன்றாக ஞாபகம் இருந்தன. அது அலையோடு கச்சிதமாகப் பொருத்திக் கொடுத்த ஒலி. வீட்டில் போடும் இசைத்தட்டு அப்படி வேலை செய்யும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

கைக்குழந்தை இருக்கும் அறையில் வைப்பதானால் சில ஜாக்கிரதைகள் அவசியம். குழந்தையின் காதுத் துவாரம் சின்னது. நமக்கு மெல்லியதாகக் கேட்பது அதற்கு அப்படி இல்லை. தலையணைக்குப் பக்கத்திலோ தொட்டில் கம்பியிலோ செல்போனையோ ஸ்பீக்கரையோ வைக்காதீர்கள். இரண்டு மீட்டராவது, அதாவது ஒரு ஆள் நீளத்துக்கு மேல், தள்ளி இருக்கட்டும். இரண்டு பேர் கிசுகிசுவென்று பேசிக்கொள்ளும் அளவுக்குமேல் ஒலி வேண்டாம். நீங்களும் காதில் செருகிக்கொண்டு தூங்க வேண்டாம். குழந்தை அழுவது கேட்க வேண்டாமா? செல்போனின் வெளிச்சத்தைத் திருப்பிக் கவிழ்த்து வையுங்கள். பாட்டைப் போட எடுத்து, அப்படியே வந்திருக்கும் சேதிகளையெல்லாம் பார்க்க ஆரம்பித்தால் உள்ள தூக்கமும் போய்விடும்.

இன்னொன்று. பிரசவமானவளுக்குத் தூக்கம் கெடுவது சகஜம்தான். ஆனால் குழந்தை நன்றாகத் தூங்கும்போதும், வேறொருவர் பார்த்துக்கொள்ளும்போதும்கூட அவளுக்குக் கண் மூட முடியவில்லை. காரணமில்லாமல் அழுகை, எதிலும் பிடிப்பில்லை, குழந்தையைப் பார்த்தாலே பயம் – இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் போனால், "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று தள்ளிவிடாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுகிறது என்று சொன்னால் அன்றைக்கே, அந்த நிமிஷமே. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. பாட்டைப் போட்டுத் தீர்த்துவிடலாம் என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிற விஷயம் அது இல்லை.

எட்டு மணி நேரமெல்லாம் எங்கே முடிகிறது என்பவர்களுக்கு 'ஃப்ரம் ஸ்லீப்' என்று ஒரு மணி நேரச் சுருக்கம் உண்டு. அது முழித்திருந்து கேட்பதற்காக ரிக்டரே தனியாகச் செய்தது, ஏழே பகுதிகள். மத்தியானம் எல்லோரும் போன பிறகு காய் நறுக்கிக்கொண்டே கேட்கலாம். அதில் ஒரு பகுதிக்கு 'பெட்ரிக்கார்' என்று பெயர். காய்ந்த தரையில் முதல் மழை விழும்போது கிளம்புமே மண் வாசனை, அதற்கு இங்கிலீஷில் அப்படிச் சொல்வார்களாம். முதலில் அதைப் போட்டுப் பாருங்கள்.